கூட்டுறவு ஒயின் என்றால் அவ்வளவு இளப்பமா?

சென்ற வாரம் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்கு எஸ்தேசார்க் கூட்டுறவு ஆலையின் சிவப்பு ஒயின் இரண்டு புட்டி கொண்டுபோனேன். லேபிளைத் திருப்பிப் பார்த்த ஒருவர், "கூட்டுறவா?" என்று கேட்டுவிட்டு, புட்டியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். ஒன்றின் விலை பத்து யூரோவுக்கும் குறைவு என்று சொன்னதும் அவர் முகம் இன்னும் சுருங்கிப்போனது. அடுத்தவர் வீட்டு விருந்தில் வாதம் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

எஸ்தேசார்க் தென் பிரான்சில், அவிஞ்ஞோன் நகருக்கு மேற்கே இருக்கும் சிற்றூர். ரோமானியர் கட்டிய புகழ்பெற்ற நீர்ப்பாலம் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆலை தொடங்கியது 1965இல். உறுப்பினர் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூட்டுறவு ஒயினுக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வெகுகாலம் பெரும்பாலான ஆலைகளில் பழத்தின் எடையையும் சர்க்கரை அளவையும் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். எடை கூடினால் வரும்படியும் கூடும் என்றால், கொடியில் குலைகளைக் குறைத்து ருசியைக் கூட்ட எந்த விவசாயிக்கு மனம் வரும்? பார்த்துப் பார்த்து வளர்த்தவன் பழமும் ஏனோதானோ என்று விட்டவன் பழமும் ஒரே தொட்டியில் விழுந்தன.

எஸ்தேசார்க்காரர்கள் 1990களின் நடுவில் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் பழத்தையும் தனித்தனியாக நொதிக்கவைத்து, அந்தந்தத் தோட்டத்தின் பெயரிலேயே புட்டியில் அடைத்தார்கள். தன் தோட்டத்துப் பெயர் புட்டியில் இருக்கும்போது யார்தான் அழுகல் பழத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள்? கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்ப்பதில்லை, பழத்தோலோடு வருவதே நொதிக்கவைக்கிறது. வடிகட்டுவதும் இல்லை. அதனால் புட்டியின் அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

பிழிபொறி, தொட்டிகள், குளிரூட்டும் கருவி, புட்டியில் அடைக்கும் பொறி எல்லாவற்றையும் ஒரு சிறு குடும்பம் தனியாக வாங்கினால் கடனிலேயே மூழ்கிவிடும். பொதுவில் வைத்துக்கொண்டால் செலவு பங்காகிறது. விலை குறைய அது ஒரு காரணம், ஊர்ப்பெயர் இன்னொன்று. ரோன் ஆற்றைத் தாண்டினால் ஒயினுக்குப் பேர்போன ஷாத்தோநெஃப்-துய்-பாப் ஊர். இங்கே போலவே அங்கும் உருண்டைக் கூழாங்கல் நிலம், கிரெனாஷ் திராட்சை. அங்கே புட்டி முப்பது, நாற்பது யூரோ. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். அந்த ஊர் ஒயினின் ஆழமும் ஆயுளும் வேறு. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு ஆழம் வேண்டாம். கறுப்புப் பழங்களின் வாசனை, மிளகின் காரம், நாக்கைப் பிடிக்காத துவர்ப்பு, இவை போதும். துவர்ப்பு மிகுந்த ஒயினை நம் ஆட்டிறைச்சிக் குழம்போடு குடித்தால் மிளகாய் எரிச்சல் இரட்டிப்பாகும். இது அப்படிச் செய்வதில்லை.

கூட்டுறவு என்ற சொல்லை இளப்பமாகச் சொல்பவர்களுக்குப் பக்கத்து லாங்தோக் பகுதியின் கதையையும் சொல்ல வேண்டும். பெஸியே நகருக்கு அருகிலுள்ள மரோசான் ஊரின் சிறு விவசாயிகள் 1901இல் ஒன்றுசேர்ந்து, தரகர்களை ஒதுக்கிவிட்டு, பாரிஸ் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நேரடியாக ஒயின் விற்றார்கள். 1905இல் பிரெஞ்சு சோசலிசத் தலைவர் ழான் ழொரேஸ் அதைப் பார்க்கவே அங்கே போனார். 1907இல் ஒயின் விலை அடியோடு விழுந்து, சர்க்கரைத் தண்ணீர் கலந்த போலிச் சரக்கும் சந்தையை நிரப்பியபோது, மோன்பெலியே நகரில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். நார்போனில் இராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் அந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. நம் விருந்தில் ஓரத்துக்குப் போன சொல் அங்கே சோற்றுக்கான போராட்டத்தில் பிறந்தது.

இப்போது ஒயின் விற்பனை சரிந்து, கொடிகளைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 4,000 யூரோ அரசே கொடுத்த காலம் இது. இந்த நேரத்தில் விலையைப் பார்த்து முகம் சுளிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

புட்டியை ஓரத்துக்கு நகர்த்தியவரை இந்த மாதமே வீட்டுக்கு அழைக்கப்போகிறேன். அதே ஒயின்தான். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, வண்டல் கலங்காமல் ஊற்றித் தருவேன்.