நிலக்கரி மின்சாரமும் ஸ்கூட்டர் கணக்கும்

"மின்சார ஸ்கூட்டரும் நிலக்கரியில்தான் ஓடுகிறது, பெட்ரோல் வண்டியைவிட அதுவே அதிகக் கார்பனை வெளிவிடுகிறது" என்று மேலே நண்பர் எழுதியிருப்பதில் முன்பாதி பெருமளவு சரி, பின்பாதி தவறு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போய்வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். போய் வந்த இரவில் சார்ஜ் போட்டால் என் வீட்டு மீட்டரில் 4 யூனிட் வரை ஏறுகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதால், மின்கம்பி இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அந்தப் பயணத்துக்கு 3 கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, அதே தூரத்துக்கு 2 லிட்டர் குடித்த என் பழைய ஸ்கூட்டர், சுத்திகரிப்பு ஆலையின் புகையைச் சேர்க்காமலேயே 4.6 கிலோவை எட்டிவிடும்.

பேட்டரி தயாரிப்பில் கூடுதல் கார்பன் வெளியாவது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நாள்தோறும் ஓடும் வண்டியில் அந்தக் கடன் படிப்படியாக அடைபட்டுவிடும். மே முதல் செப்டம்பர் வரை தமிழகக் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் மாதங்களில் நம் மின்சாரத்தின் கார்பன் பங்கு மேலும் குறைகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இவ்வண்டிகளைத் தயாரிக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடம் இது; பதிவின் பின்பாதியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.