61,000 கிலோமீட்டரும் 148,000 கிலோமீட்டரும்

நண்பர் ஒருவர் தம்முடைய ஹோண்டா எஸ்2000 காரை விற்கப்போகிறார். 2008 நவம்பரில் சிங்கப்பூரில் பதிவான வண்டி. வெள்ளை உடல், கறுப்புத் துணிக்கூரை, இரண்டே இருக்கைகள், 148,000 கிலோமீட்டர் ஓட்டம். விளம்பரத்தை அவரே எழுதி, இணையத்தில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். படித்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டு, இதை இப்படியே போட்டால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். ஏனென்றால் அந்த விளம்பரத்தில் பாதிக்கு மேல் வண்டியின் குறைகளே இருந்தன. கூரைத் துணி இடப்பக்கம் மடிப்பில் நைந்து ஓரிடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. முன் பம்பர் 2016-இல் கார்ப்பேட்டைத் தூணில் உரசி மறுவண்ணம் பூசப்பட்டது. ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க மேட்டில் தோல் தேய்ந்திருக்கிறது. காலையில் முதல் சில நிமிடங்களுக்கு இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிக்கும். இத்தனையையும் எழுதிவிட்டு, கடைசியில்தான் "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

என் பயம் பாதிதான் பலித்தது. ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறைகளைக் கடைச் சிட்டை போலக் கையில் வைத்துக்கொண்டு, கூரைக்கு இவ்வளவு, இருக்கைக்கு இவ்வளவு, பம்பருக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார்கள். அதே நேரத்தில், அதே ஆண்டு வண்டி ஒன்று, 61,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்ற அறிவிப்போடு ஒரு விற்பனையகத்தில் பளபளவென்று நின்றது. அதன் விளம்பரத்தில் குறை என்ற சொல்லே இல்லை. பத்து நாளுக்குள், நண்பர் கேட்ட விலையைவிடக் கூடுதலாகப் போய்விட்டது. அந்த வண்டி கெட்ட வண்டி என்று நான் சொல்லவில்லை. அதை நான் பார்க்கவே இல்லை. என் ஆதங்கம் வேறு. "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்பதற்கு நாம் கேட்கும் சாட்சி பளபளப்பும் குறைந்த கிலோமீட்டரும் மட்டுமே என்றால், உண்மையில் பராமரித்தவர் நட்டப்படுகிறார், துடைத்து வைத்தவர் லாபம் பார்க்கிறார்.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். ஹோண்டா நிறுவனம் தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி உருவான கார் இது. 1999-இல் விற்பனைக்கு வந்து 2009-இல் உற்பத்தி நின்றது. ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ் காரை உருவாக்கிய ஷிகேரு உவேஹாராதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். டர்போ எதுவும் இல்லாத 1,997 சிசி என்ஜினிலிருந்து 240 குதிரைத்திறன். அந்தத் திறன் முழுவதும் கிடைக்க வேண்டுமானால் என்ஜின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அதற்குமேல் சுழற்றக் கூடாது என்று காட்டும் சிவப்புக்கோடு ஒன்பதாயிரத்தில் இருக்கிறது. ஆறாயிரத்தை ஒட்டி, வால்வுகள் திறக்கும் அளவை மாற்றும் விடெக் அமைப்பு மாறும்போது ஒலியே வேறாகிவிடும். சிங்கப்பூரில் இதை வைத்திருப்பதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் கியரில் சிவப்புக்கோட்டைத் தொடும்போதே வேகம் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நம்முடைய விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வரம்பே 90 தான். ஆறு கியரில் நாலு கியர் நமக்கு அலங்காரம். அதனால்தான் நண்பர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை எல்லை தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் போய்விட்டு வருவார். அந்தத் தடமும் இந்தக் கார் வந்த அதே 1999-இல் திறந்ததுதான்.

செப்பாங் என்ற சொல்லைக் கேட்டதுமே பார்க்க வந்த ஒருவர் முகம் சுளித்தார். தடத்தில் ஓடிய வண்டி என்றால் அடித்து நொறுக்கப்பட்ட வண்டி என்பது பலருடைய கணக்கு. ஒன்பதாயிரம் சுற்றுக்கென்று கட்டிய என்ஜினை நன்றாகச் சூடேற்றிய பிறகு ஒன்பதாயிரத்துக்குக் கொண்டுபோவது அதற்குத் தீங்கல்ல. ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறக்குவதாக நினைத்துக்கொண்டு பதற்றத்தில் இரண்டில் போட்டுவிடுவதுதான் தீங்கு. அப்போது சக்கரங்களே என்ஜினை வரம்புக்கு மேல் சுழற்றிவிடும். எரிபொருளைத் துண்டிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் அதைத் தடுக்க முடியாது. இந்த என்ஜினில் அப்படி ஆனால் வால்வு ஸ்பிரிங்குகளைப் பிடித்து நிறுத்தும் ரிடெய்னர்களில் விரிசல் விழுவதுண்டு. விழுந்த பிறகும் வண்டி சில மாதங்கள் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கலாம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி தடத்துக்குப் போனதா என்பதல்ல. திரும்பி வந்த பிறகு வால்வு மூடியைத் திறந்து யாராவது பார்த்தார்களா என்பதுதான். நண்பர் பார்த்திருக்கிறார், இரண்டு முறை, பட்டறை ரசீதோடு.

ஓடாமல் நிற்கும் வண்டியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தாண்டுக்கு முன் வேறொரு ஜப்பானியத் திறந்த காரை, குறைந்த கிலோமீட்டர் என்ற ஒரே காரணத்துக்காக ஆசைப்பட்டு வாங்கினேன். விற்ற இடத்தைச் சொல்லி இப்போது பயனில்லை. மெழுகு பூசி, உள்ளே வாசனை தெளித்து, டயர்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள். முதல் பெருமழையில் இருக்கைக்குக் கீழே கால் வைத்தால் சதசதவென்று ஈரம். கூரை மடங்கும் இடத்தில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் குழாய்கள் இலைச் சருகால் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் போக வழியில்லாமல் தரைவிரிப்புக்குள் இறங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பள்ளம் தேயாமல் புதுசு போலிருந்த அந்த நாலு டயர்களுக்கும் வயது எட்டு. ரப்பர் கல்லாகியிருந்தது, ஈரச் சாலையில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்பதா வேண்டாமா என்று யோசித்தது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நிற்கும் கார் ஓடும் காரைவிட மெதுவாக முதுமையடைகிறது என்று நம்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எஸ்2000 பார்க்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒன்று உண்டு. போனதும் கதவைத் திறக்காதீர்கள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். இந்த என்ஜினுக்குள் ஓடும் டைமிங் சங்கிலியைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் இயக்கும்போதுதான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்: தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம், சூடேறினால் அடங்கிவிடும். இரண்டாம் கியரின் முரண்டும் அப்படியே. முன்கூட்டியே அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளர் உங்களுக்கு மரியாதை செய்யவில்லை, ஒரு செய்தியை மறைத்திருக்கிறார். நண்பர் வீட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார்ப்பேட்டையின் ஐந்தாம் தளத்தில் நானும் ஒருநாள் காலை கூட நின்றேன். சாவியைத் திருப்பி, சிவப்பு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். எண்கள் எழும்பின, குரல் சீராக வந்தது, புளியங்கொட்டை இல்லை. 2019-இல் டென்ஷனரை மாற்றியதற்கான ரசீதும் இருந்தது.

அந்த ரசீதுக் கோப்பைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த கோப்பு. ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கின்றன. பதினாறு ஆண்டுக்கு மேல் ஒரே சீராக ஏறிக்கொண்டு போகும் அந்த எண்களை யாராலும் ஒரு சனிக்கிழமை மாலையில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. கோப்பின் பின்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். இந்த என்ஜின் அதிகச் சுழற்சியில் ஓடினால் கொஞ்சம் ஆயில் குடிக்கும் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஆகவே பெட்ரோல் போடும் ஒவ்வொரு இரண்டாம் முறையும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எவ்வளவு குறைந்தது, எவ்வளவு ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறார். பேனா நிறம் மாறுகிறது, கையெழுத்து அவசரத்தில் கோணுகிறது, ஒரு பக்கத்தில் விரல் அளவு ஆயில் கறை. என் கண்ணில் அந்தக் கறை படிந்த பக்கம் எந்த மெழுகுப் பூச்சையும்விட மதிப்புள்ளது. வந்தவர்களில் மூன்று பேர் கோப்பைத் திறக்கவே இல்லை. ஒருவர் திறந்து, ரசீதுகளின் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செலவு வைக்கும் வண்டியா என்று கேட்டார். அன்று நண்பருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விலையைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1990-இல், கார் வைத்திருக்க ஏலத்தில் எடுத்தாக வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து இங்கே காருக்கு ஆயுள் பத்தாண்டு. அதற்குமேல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் கடைசி மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தைக் கட்டி ஐந்துக்கோ பத்துக்கோ நீட்டித்துக்கொள்ளலாம், ஆனால் காரைக் கழித்தால் கிடைத்திருக்கும் பதிவுக் கட்டணக் கழிவை விட்டுக்கொடுக்க வேண்டும். நண்பர் 2018 இறுதியில், பெரிய கார்களுக்கான கட்டணம் நாற்பதாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கும் கீழே கிடந்த காலத்தில், பத்தாண்டுக்கு நீட்டித்தார். அதே பிரிவு 2023 அக்டோபரில் 150,001 வெள்ளிக்குப் போனது. பத்து வயதைத் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி, இப்போது ஐம்பது விழுக்காடு மேல்வரியோடு நிற்கிறது: சுமார் 1,210 வெள்ளியாக இருக்க வேண்டியது 1,810-ஐத் தாண்டுகிறது. ஆண்டுதோறும் பரிசோதனை வேறு. இந்த நிலையில் வாங்க வருகிறவர் முதலில் ஆண்டுத் தேய்மானத்தைக் கணக்குப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் சான்றிதழ் 2028 நவம்பரில் முடியும்போது, இன்னொரு முறை பெருந்தொகை கட்டி நீட்டிக்கத் தகுந்த வண்டியா, கழித்துவிட வேண்டிய வண்டியா என்பதை முடிவு செய்யப்போவது கூரைத் துணியின் தையல் அல்ல, அந்த என்ஜினும் அடிப்பகுதியும்தான். உற்பத்தி நின்று பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

பேரம் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். நைந்த கூரைக்கு மாற்றுத் துணி வாங்கிப் போடச் செலவாகும், அதைக் கழிப்பது நியாயம். பதினாறு ஆண்டு ஒருவர் வலப்பக்கமாக இறங்கி ஏறியதால் தேய்ந்த தோலுக்காகக் கழிப்பதும், சொல்லாமல் விட்டிருந்தால் நாம் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம் என்ற பம்பர் வண்ணத்துக்காகக் கழிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த முறை அதே மனிதர் வேறொரு காரை விற்கும்போது பம்பரைப் பற்றி வாய் திறப்பாரா? தூண்டியது யார்? வண்ணப் பூச்சின் தடிமனை அளக்கும் சிறு கருவியை வைத்துக்கொண்டு விற்பனையாளர்களைத் திருடர்கள் போலச் சோதிக்கும் நாம்தான், அவர்களாகவே உண்மை சொல்லும்போது அதற்கு அபராதமும் போடுகிறோம்.

விளம்பரத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்று நானே நண்பரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். குறைகளைக் கீழே தள்ளி, படங்களை மாலை வெயிலில் எடுத்து, கிலோமீட்டரை ஓரத்தில் சிறிதாகப் போடலாம் என்றேன். இத்தனை எழுதுகிற நானும் அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டு, குறை ஐந்தாவதாக ஒன்று உண்டு, மறந்துவிட்டேன் என்று சொல்லி, இடப்பக்கக் கதவுக் கண்ணாடி ஏறும்போது ஒரு நொடி தயங்குவதையும் சேர்த்துவிட்டார்.

நேற்று இரவு அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. உட்லண்ட்ஸிலிருந்து ஒரு இளம்பெண் கூப்பிட்டாராம். விலை குறையுமா என்று கேட்கவில்லை; ஆயில் கணக்கு நோட்டின் கடைசி நாலு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம் மெக்கானிக்கோடு வருகிறாராம். அதுவரை வண்டியை இயக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டாராம்.