ஹேர் டிரையர் சூட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் உயிர்பெறாது

"நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன் ஆகலையா? மதர்போர்டுக்கு ஹேர் டிரையரால் பத்து நிமிஷம் சூடு காட்டுங்க, சால்டர் இளகிச் சரியாயிடும்" என்று இந்தக் கேம் கன்சோல் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பாகங்களை போர்டோடு பற்றவைத்திருக்கும் ஈயமில்லாத சால்டர் உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஹேர் டிரையர் கிட்டேகூட வராது. பேட்டரி மாட்டியிருந்தால் ஆபத்து வேறு.

மாதக்கணக்கில் தூங்கிய கன்சோலா? முதலில் அசல் அடாப்டரில் நன்றாகச் சார்ஜ் போடுங்கள், பாதி கேஸ் அங்கேயே முடியலாம். அப்புறமும் அசையவில்லையென்றால் அடாப்டருக்கும் கன்சோலுக்கும் நடுவே, வோல்ட்டேஜைக் காட்டும் யுஎஸ்பி மீட்டரை மாட்டிப் பாருங்கள். 15 வோல்ட்டுக்கு ஏறாமல் 5 வோல்ட்டிலேயே நின்றால், சார்ஜிங் போர்ட்டையும் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் எம்92டி36 (M92T36) சிப்பையும் சந்தேகிக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தச் சிப்பைச் சுற்றியுள்ள குட்டிக் கெபாசிட்டர்களை மல்டிமீட்டரின் பீப் மோடில் (இணைப்பு இருந்தால் கத்தும் மோடு) தொடுங்கள். இரு முனையும் கிரவுண்டோடு (போர்டின் நெகட்டிவ் பக்கம்) கத்தினால் அங்கே ஷார்ட்.