லேடீஸ் சீட்டுக்கு எதற்கு கைடு?

ஏற்காடு போனால் உள்ளூர் கைடு கட்டாயம் வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சேலத்துக்காரனாகச் சொல்கிறேன், பாதிதான் சரி. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்ற வியூ பாயிண்ட்கள், சேர்வராயன் கோயில் இதற்கெல்லாம் எதற்கு கைடு? 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊர் வந்துவிடும், அப்புறம் பஜ்ஜிக் கடையில் கேட்டாலே வழி சொல்வார்கள். கீழே தெரிகிற சேலத்தைக் காட்ட ஒரு ஆளுக்குக் காசு கொடுப்பது வீண்.

ஆனால் காபித் தோட்டம் பார்க்கணும்னா கதையே வேறு. பெரும்பாலும் தனியார் நிலம், சொல்லாமல் நுழைய முடியாது. மலைக் கிராமத்துக்காரர் ஒருவர் கூட வந்தால்தான், சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருப்பது மிளகுக்கொடி, அந்த மரமே காபிக்கு நிழலுக்காக வைத்தது என்றெல்லாம் தெரியும். கோடை மழை பெய்த சில நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும், எந்தத் தோட்டத்தில் பூத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. கிளியூர் அருவிக்கும் ஆள் இருந்தால் நல்லது, மழைக்காலத்தில் பாறை வழுக்கும், கோடையில் தண்ணீரே இருக்காது, அதை முன்கூட்டியே சொன்னால் அவ்வளவு தூரம் இறங்கி ஏறும் வேலை மிச்சம்.

ஒன்று மட்டும், டாக்சி ஓட்டுபவரே "நான்தான் கைடு" என்றால் உஷார். இரண்டு இடம் காட்டிவிட்டு மீதி நேரம் தைலக் கடை, மசாலாக் கடை என்று இறக்கிவிடுவார்கள், கமிஷன் இருக்கிறதே! கடை வேண்டாம் என்பதையும் எவ்வளவு பணம் என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.