நேபாள பார்டர்ல பைக்குக்கு பேப்பரே வேணாமா?

"நேபாளம் ஓப்பன் பார்டர், ஆதார் மட்டும் இருந்தா போதும், பைக்க அப்படியே ஓட்டிட்டு போலாம்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. பாதி உண்மை, அதான் ஆபத்து.

1950 இந்தியா-நேபாள ஒப்பந்தப்படி நமக்கு விசா வேணாம், சரி. ஆனா அந்த சலுகை ஆளுக்குத்தான், பைக்குக்கு இல்ல. கஸ்டம்ஸ் கண்ணுல உங்க பைக் ஒரு சரக்கு, அவ்ளோதான். சுனௌலியோ ரக்சௌலோ, எந்த பார்டர் ஊர் வழியா போனாலும் அந்தப் பக்கம் பன்சார்னு சொல்ற கஸ்டம்ஸ் கவுன்டர்ல ஆர்சி, லைசென்ஸ் காட்டி, எத்தன நாள் இருக்கப்போறீங்களோ அத்தன நாளுக்கு காசு கட்டி சீட்டு வாங்கணும். கூட்டத்தோட கூட்டமா யாரும் நிறுத்தாம உள்ள போயிடலாம்தான், ஆனா உள்ள போலீஸ் செக்கிங்ல அந்த சீட்டத்தான் கேப்பாங்க, இல்லன்னா ஃபைன், வண்டியையும் பிடிச்சு வெச்சுடலாம். நாள் தாண்டினாலும் ஃபைன்தான், அதனால ஒருநாள் சேத்தே கட்டிடுங்க.

ஆதாரும் பெரும்பாலானவங்களுக்கு பயண ஆவணம் இல்ல, பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி எடுத்துக்கோங்க.

இதுக்கு நேர் எதிரா "கார்னே எடுக்கணும், பெரிய டெபாசிட் கட்டணும்"னு பயமுறுத்துறவங்களும் இருக்காங்க. கார்னேங்கறது வண்டிய திருப்பி கொண்டு வந்துடுவோம்னு கஸ்டம்ஸுக்கு உத்தரவாதம் தர்ற பேப்பர். அது ஈரான் மாதிரி நாடுகளுக்கு, இந்திய பைக்ல நேபாளம் போக தேவையே இல்ல.

எவனும் சொல்லாதது இன்சூரன்ஸ். சாதாரண பாலிசி பார்டரோட முடிஞ்சிடும், கொஞ்சம் எக்ஸ்ட்ரா பிரீமியம் கட்டி நேபாளத்தையும் சேத்து எழுதி வாங்கிட்டு கிளம்புங்க.