ஊர்க்கோழிக்குப் பேரம் பேசாதீர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் உள்ள கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் வீதிக்குச் சேவல் கொண்டுவந்தார். உரப்பையில் ஓட்டை போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தார். விலையைக் கேட்டதும் பக்கத்து வீட்டில், "இந்தக் காசுக்கு இரண்டு புறொய்லர் வாங்கலாம்" என்று கேற்றைச் சாத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

புறொய்லர் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஆட்டிறைச்சி தீபாவளிக்குத்தான்; மாட்டிறைச்சி எங்களில் பலருடைய அடுப்பில் ஏறுவதில்லை. புறொய்லரைக் கடையிலேயே துண்டாக்கித் தருகிறார்கள், அரை மணி நேரத்தில் கறியாகிவிடும். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற கதையும் பொய். வேகமாக வளரவென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனம் அது. சோளனும் சோயாவும் கலந்த தீவனத்தில் ஆறு வாரத்திலேயே இரண்டு கிலோவைத் தாண்டிவிடும்.

ஊர்க்கோழியையும் அதே தராசில் வைப்பதுதான் அநியாயம். இறைச்சிப் பருவத்துக்கு வர அதற்கு ஐந்தாறு மாதம் வேண்டும். பருந்து, கீரி, வெள்ளைக்கழிச்சல் நோய் எல்லாவற்றுக்கும் தப்பியதுதான் விற்பனைக்கு வருகிறது. வளவெல்லாம் கிளறித் திரிந்த கால் அல்லவா, இறைச்சி இறுகியிருக்கும். அம்மம்மா மண்சட்டியில் இரண்டாம் பாலை விட்டு, ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு, விறகைப் பின்னுக்கு இழுத்து மெல்லிய நெருப்பில் அவியவிடுவார். தசையைப் பிணைத்திருக்கும் சவ்வு கரையக் கரையக் குழம்பு தடிக்கும். முதற்பால் விட்டு இறக்கும்போது ஓரத்தில் மஞ்சளாக நெய் மிதக்கும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைக்க மட்டும் ஊர் முழுக்க ஊர்க்கோழி தேடுகிறோமே, அன்றைக்கு யாராவது பேரம் பேசுகிறோமா?

2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகத் துறையில் காத்து நிற்பதில்லை. ஆனால் அதே பாலத்தால் குளிரூட்டிய புறொய்லரும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகிறது. விலைப்படாவிட்டால் அங்கே யார் கோழி வளர்ப்பார்கள்? கையில் காசு இல்லையென்றால் வேண்டாம் என்று பண்பாகச் சொல்லி அனுப்புங்கள். வாங்குவதென்றால் கேட்டதைக் கொடுங்கள்.

அந்தச் சேவலைக் கேட்ட விலைக்கே நான் வாங்கினேன். காசை முந்தானையில் முடிந்தபடி, வீட்டில் இன்னும் இரண்டு பேடு நிற்கிறது, அடுத்த ஞாயிறு கொண்டுவரவா என்று கேட்டார். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.