மூன்று வெள்ளைப் பொட்டு போதாது

மெல்லிய பிஸ்டலுக்கு மூன்று வெள்ளைப் பொட்டுக் குறியே (இலக்குப் பார்க்க மேல இருக்கிற முன், பின் அடையாளங்கள்) போதுமெண்டு ஒரு கட்டுரை சொல்லுது. இருட்டில அது தெரியாது. முன்குறியில டிரிட்டியம் (இருட்டில தானா ஒளிரச் செய்யிற கதிரியக்க வாயு), பின்குறி வெறும் கறுப்பு, அதுதான் நல்லது. கண் தானா முன்னுக்குப் போகும். டிரிட்டியத்தின்ர அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையிற காலம், 12.3 வருசம், பழசு வாங்கினா மங்கித்தான் இருக்கும்.

இரண்டு குறிக்கும் இடைத்தூரம் 130 மில்லிமீற்றர் எண்டால், முன்குறி 1 மில்லிமீற்றர் விலகினாலே 10 மீற்றரில குண்டு ஏறத்தாழ 77 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். குழல் குட்டையாக ஆகப் பிழை கூடும். பின்குறியின்ர முன்முகம் செங்குத்தா இருக்கவேணும். ஒரு கை ஏலாட்டி அந்த முகத்தை பெல்ட்டில கொழுவி சிலைட்டை (பிஸ்டலின்ர பின்னுக்கு இழுபடுற மேல்பாகம்) இழுக்கலாம், முகம் சரிவெண்டால் வழுக்கும்.

வன்னியில பன்றிக் காவலுக்கு லைசன்ஸ் துவக்கு வைச்சிருக்கிற ஆக்களுக்கும் இருட்டில குறி தெரியாத இதே சிக்கல்தான். சொட்கன் குழல் நுனியில குறியா இருக்கிற சின்னப் பித்தளை மணி இரவில தெரியாது. வெள்ளைப் பெயின்ற் ஒரு துளி வைச்சா டோர்ச் வெளிச்சத்தில தெரியும். முதல்ல எண்ணெயைத் துடையுங்கோ, இல்லாட்டி உரிஞ்சுபோகும்.